பச்சைச் சிப்பி மாத்திரை

…மூட்டுக்கு நல்லது என்று போட்டிருக்கிறது, எந்த டப்பாவில்தான் அப்படிப் போடவில்லை, மூட்டுக்குக் கெட்டது என்று எவனாவது அச்சடித்து விற்பானா, ஹேனி மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு பச்சை டப்பாவைத் திருப்பினாள், பச்சைச் சிப்பித் தூள், கடலிலிருந்து நேரடியாக, அடேயப்பா, நேரடியாகவாம், இதோ இந்த ஊர்க் கடலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு வளர்க்கிற சிப்பி, அதைப் படகில் இழுத்து ஏற்றி ஏற்றி ஊர் ஆம்பிளைகளுக்கெல்லாம் இடுப்பு போயிற்று, போன இடுப்புக்கு அதே சிப்பியைக் காயவைத்துப் பொடித்து மருந்தென்று திருப்பி விற்கிறான், கெட்டிக்காரன்தான். உள்ளே சீட்டுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்ச நேரம் ஆகும் என்று மருந்துக்கடைப் பெண் அனஹேரா சொன்னாள், வெளியே பிக்கப் வண்டியில் நிக்கோரா உட்கார்ந்திருக்கிறான், ஹேனியின் புருஷன், வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னான், "அப்படியே அந்த மூட்டு மாத்திரையும் பாத்து வாங்கிட்டு வாடி, போன தடவ வாங்கினது பரவாயில்ல, ஆனா அத விட நல்லதா ஏதாவது வந்திருக்கான்னு பாரு." மூட்டு மாத்திரை. நேற்று அந்த டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகும் மூட்டு மாத்திரை… சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டாள், வேறென்ன செய்வாள், ரெண்டு வருஷமாகச் செய்கிற வேலைதானே.

மூட்டு இல்லை என்றாள் டாக்டர், சின்னப் பெண், அவளுக்கே சொல்ல வாய் வரவில்லை, மேஜை மேலிருந்த பேனாவை மூடி மூடித் திறந்தாள், இடுப்பு எலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது, ஆரம்பித்தது கீழே புரோஸ்டேட்டில், எலும்புக்கு வந்து ரொம்ப நாளாகியிருக்கும், இத்தனை நாள் இந்த வலியை எப்படிப் பொறுத்துக்கொண்டு நடந்தீர்கள் என்று அவனைப் பார்த்துக் கேட்டாள், அவன் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ ஏரி, ஏதோ வாத்து. அப்போது ஹேனி வாயில் என்ன வந்தது, யாராவது கேட்டால் சிரிப்பார்கள், "அப்ப நாங்க சாப்பிட்ட சிப்பி மாத்திரையெல்லாம்?" டாக்டர் பாவம், ஒரு நிமிஷம் புரியாமல் விழித்துவிட்டு, "அது கெடுதல் ஒண்ணும் பண்ணியிருக்காது" என்றாள். கெடுதல் ஒண்ணும் பண்ணியிருக்காது. ராத்திரி முழுக்க அந்த வார்த்தை காதுக்குள் ஈ மாதிரி… கெடுதல் பண்ணியது மாத்திரையா, அதைக் கொடுத்துக் கொடுத்து டாக்டரிடம் போகவிடாமல் வைத்திருந்தவள் அல்லவா. ஹாமில்டன் பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு வைத்தால் நோய் போகாது, வலி நன்றாகக் குறையும், அதற்குத் திங்கட்கிழமை இடம் இருக்கிறது, வருகிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்குச் சாயங்காலம் நர்ஸ் போன் செய்து கேட்பாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கேட்டாள், "திங்கக்கெழம போவோமாய்யா?" அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே மாவோரியில் சொன்னான், "கே தே பை." பரவாயில்லை.

பரவாயில்லை என்றால் என்ன, ஆமாம் போகலாம் என்றா, வேண்டாம் விடு என்றா? இந்த ஊர் ஆட்களுக்கு இந்த ஒரு சொல் இருந்தால் போதும், ஆயுள் பூராவும் ஓட்டிவிடுவார்கள், சோறு எப்படி, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் போடட்டுமா, பரவாயில்லை, மகன் சிட்னிக்குப் போனவன் போனே பண்ணுவதில்லையாமே, பரவாயில்லை, கால் மேல் வண்டி ஏறிவிட்டதா, பரவாயில்லை பரவாயில்லை நீ போ. நல்லா இருக்கிறது என்பதும் அதுதான், போதும் என்பதும் அதுதான், என்னைக் கேட்காதே என்பதும் அதுதான். ஹேனி இந்த ஊரிலேயே பிறந்து இந்தப் பேச்சிலேயே வளர்ந்தவள், அவளுமா இதில் ஏமாந்தாள்? வெளியூர்க்காரி ஏமாந்தால் ஒரு நியாயம் உண்டு. "பரவாயில்லைன்னா எதுய்யா?" என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் பரவாயில்லை என்பான், சாயங்காலம் நர்ஸ் கேட்டால் அவள் என்ன சொல்ல, எங்க வீட்டுக்காரர் பரவாயில்லைன்னு சொல்றாரும்மா, நீயே அர்த்தம் பண்ணிக்கோ என்றா.

மஞ்சள் மாத்திரைதான் முதலில்… அதோ மேல் தட்டில் இருக்கிறது, மிளகு சேர்த்தது, மிளகு சேர்க்காதது, ஒரு தடவை சட்டைப் பையில் உடைந்துபோய் நிக்கோராவின் நல்ல சட்டை முழுக்க மஞ்சள், இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு குளூக்கோசமின், இறால் ஓட்டில் எடுப்பது, அதற்குப் பிறகு மீன் எண்ணெய், "மீன் எண்ணெய்க்குக் காசு குடுக்கற மொத மாவோரிக்காரன் நாந்தான்டி" என்று சொல்லிக்கொண்டே விழுங்குவான். அதற்குப் பிறகு மாட்டுத் தோலில் எடுக்கிற ஏதோ தூள், காப்பியில் போட்டால் கட்டி கட்டியாக, அப்புறம் கவாகவா இலைத் தைலம், அது அவளே காய்ச்சியது, கடைசியில் சிப்பி. ஹேனிக்கு ஒரு முறை உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றுதான், ரெண்டைச் சேர்த்துக் கொடுத்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும், ஒரு டப்பா முடிகிற வரைக்கும் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புகையில் கேட்பாள், எப்படிய்யா இருக்கு, இப்பப் பரவாயில்ல, போன வாரத்துக்கு இந்த வாரம்? இந்த வாரம் பரவாயில்ல. வாசல் கேட் வரைக்கும் நடக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்ப்பாள், நிமிர்ந்து நடப்பான், சீட்டியடிப்பான் வேறு. சாக்ஸ் போடுவதை நிறுத்திவிட்டான், வெயில் காலத்துல எதுக்குடி சாக்ஸ் என்றான், மழைக்காலம் வந்தது, பூட்ஸுக்குள் வெறுங்காலோடுதான் போனான், அப்போதும் இவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. குனிய முடியாதவன் சாக்ஸ் எப்படிப் போடுவான், அட மக்கு, அட மக்குப் பெண்ணே, கண் எங்கே வைத்திருந்தாய்… வாசல் கேட்டில்.

அதோடு விட்டாளா, ஊர்ப் பொதுக்கூடமான மராயின் அடுக்களையில் விசேஷத்துக்குச் சமைக்கக் கூடுகிறபோதெல்லாம் இவள்தான் மூட்டு டாக்டர். ஐம்பது கிலோ கூமராக் கிழங்கு உரித்துக்கொண்டு ஆளாளுக்கு முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவள் கூட்டாளி பரே ஆரம்பிப்பாள், "அடியே ஹேனி, இந்த மாசம் எந்த டப்பாடி?" "மஞ்சள விட்டுடுடி, அது சும்மா. சிப்பி எடு. எங்காளு பாரு, ஜம்முன்னு நடக்கறான்." "கடல்ல சும்மா கெடக்கறத டப்பால அடைச்சுக் குடுத்தா நாம திரும்ப வாங்கணுமா? அடப் போடி, எனக்கு ஒரு மூட்டை சிப்பியக் கொண்டா, ஓட்டோட முழுங்கறேன்." "ஓட்டோட முழுங்கினா மூட்டு சரியாப் போகும், மத்தது போகாது." அடுக்களை முழுக்கச் சிரிப்பு, அப்படிக் கேலி பேசிய பரேதான் மறுநாளே முதல் ஆளாகக் கடைக்கு வந்து வாங்கினாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர், ஹேனி சொன்னா சரியாத்தான் இருக்கும், நிக்கோராவுக்கே கேட்டுச்சாமே. பரேயின் முட்டிக்கு நிஜமாகவே கேட்டது, அதுதான் இன்னும் கொடுமை, மாடிப்படி ஏறுகிறாள் இப்போது. அவளுக்கு வலித்தது முட்டி.

போன குளிர்காலம் மாமா செத்தபோது குழி வெட்ட… அதை நினைக்காதே, டப்பாவைப் பார், எத்தனை மில்லிகிராம், நினைக்காதே என்றால் அதுதான் வந்து நிற்கிறது. அவர்கள் குடும்பத்தில் யார் செத்தாலும் முதல் மண் நிக்கோராதான் எடுப்பான், அவன் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான், அன்றைக்கு மண்வெட்டியைத் தம்பி முறைக்காரன் எருவா கையில் கொடுத்துவிட்டு வண்டிப் பின்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டான், உட்கார்ந்து வாய் ஓயவில்லை, "ஏன்டா எருவா, மாமா குட்டையான மனுஷன்டா, இவ்வளவு நீளம் எதுக்கு, கால்மாட்டுல நீயும் படுக்கப் போறியா?" பையன்கள் சிரித்துச் சிரித்து வெட்ட முடியாமல் நின்றார்கள். வேலிக்கு வெளியே நின்ற ஹேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பெரியவன் உட்கார்ந்து கதை பேசுகிறான், சின்னவன்கள் வியர்க்க வெட்டுகிறார்கள், ஜனங்கள் என்ன நினைக்கும். கல்லறை வாசலில் தண்ணீரில் கை நனைத்துத் தெளித்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும், குழாய் கீழே இருக்கிறது, நிக்கோரா குனியவில்லை, எருவா ரெண்டு கையிலும் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினான், அதில் விரல் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டான், அண்ணனுக்கு என்ன மரியாதை பார் என்று நினைத்தாள் அவள். அந்த எருவாவுக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா? பாவிப் பயல், ஒரு வார்த்தை இவள் காதில் போட்டிருக்கக் கூடாதா. வீட்டுக்கு வந்து அவள் போட்ட சண்டை, சோம்பேறி என்றுகூடச் சொன்னாள், அவன் சிரித்துக்கொண்டே, "வயசாச்சுடி, சின்னப் பசங்களுக்கு வழி விடணுமில்ல" என்றான். அன்றைக்கு அவனுக்கு எலும்பில் எவ்வளவு தூரம் வந்திருக்கும், இடுப்போடு நின்றிருக்குமா, முதுகு வரைக்குமா, சோம்பேறி என்றாளே, வாயில் புழு விழ.

"பெரிம்மா." அனஹேரா பக்கத்தில் வந்து நிற்கிறாள், பரேயின் மகள், கடை மேல்சட்டைப் பைக்குள் ரெண்டு கையையும் விட்டுக்கொண்டு நிற்கிறாள். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம், என்ன பெரிம்மா, இன்னைக்குள்ள முடிவு பண்ணிடுவியா, நான் கல்யாணம் பண்ணிக் குழந்த பெத்துட்டு வந்துடட்டுமா என்று ஆரம்பித்திருப்பாள், இன்றைக்கு ஒன்றையும் காணோம். சீட்டைப் பார்த்திருக்கிறாள். அந்த மருந்து யாருக்கு எழுதுவார்கள் என்று மருந்துக்கடைப் பெண்ணுக்குத் தெரியாதா.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல ரெடியாயிடும் பெரிம்மா. உக்கார்றியா, நாற்காலி போடவா?"

"ஏன்டி, எனக்கு என்ன கேடு? நான் நல்லாத்தான் நிக்கறேன். இதுல எது நல்லதுன்னு சொல்லு."

"பெரிம்மா… அது இப்ப எதுக்கு…"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. உங்க பெரியப்பா கேட்டாரு, வாங்கிட்டு வரச் சொன்னாரு. எது நல்லது?"

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் கெட்டிக்காரி, எப்போதும் சொல்கிற குரலைத் தேடி எடுத்துக்கொண்டு சொன்னாள், மஞ்சள்ல சில பேருக்குக் கேக்கும் சில பேருக்குக் கேக்காது, குளூக்கோசமினுக்கும் அதே கததான், ஆராய்ச்சி பண்றவங்களே ஆளுக்கொண்ணு சொல்றாங்க, சிப்பின்னா அதுலயே சின்ன டப்பா இருக்கு, பெரிசு இருக்கு, பெரிசு வாங்கினா லாபம், ஆறு மாசத்துக்கு… அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹேனி பெரிய டப்பாவைக் கையில் எடுத்தாள். பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம், தொடர்ந்து எடுக்கவும். மூன்று மாதம்… எத்தனை மாதம் என்று அவள் டாக்டரிடம் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை, நிக்கோரா வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன டப்பாவை வாங்கிக்கொண்டு போய் நீட்டினால் அவன் பார்க்கமாட்டானா, ஏன்டி எப்பவும் பெரிசுதானே வாங்குவே என்று கேட்கமாட்டான், கேட்காமல் பார்ப்பான், அது போதும் அவள் சாக. பெரிசை வாங்கினால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போது… அந்த மிச்சத்தை அவள் என்ன செய்வாள், குளியலறை அலமாரியில் வைப்பாளா, பரேக்குக் கொடுப்பாளா, எந்தக் கையால் எடுத்துக் கொடுப்பாள்? ஒரு டப்பாவை எடுப்பதில் இவ்வளவு இருக்கிறதா கடவுளே, மாத்திரை வாங்க வந்த இடத்தில் மனுஷனை அளக்கவைக்கிறாயே.

"பெரிசையே போடு" என்றாள்.

அனஹேரா தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தாள், ஹேனி பின்னால், பணம் கட்டுகிற மேஜைக்கு நேரே கடையின் கண்ணாடி முகப்பு, வெயிலுக்குப் பூசுகிற களிம்பு விளம்பரம் பாதிக் கண்ணாடியை மறைத்திருக்கிறது, மீதியில் தெரு தெரிகிறது, எதிரே அவர்கள் பிக்கப் வண்டி. டப்பாவைத் தூக்கி அவனுக்குக் காட்டலாம் என்று கையை உயர்த்தியவள்தான், உயர்த்திய கை அப்படியே நின்றது. வண்டிக் கண்ணாடி ரெண்டு பக்கமும் ஏற்றிவிட்டிருக்கிறது. இந்த வெயிலில், நாயைக்கூட யாரும் கண்ணாடி ஏற்றி வண்டிக்குள் விடமாட்டார்கள். நிக்கோரா ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெற்றியை அதன்மேல் முட்டிக்கொண்டிருக்கிறான், முதுகு ஏறி ஏறி இறங்குகிறது, முகம் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியபோது வாய் தெரிந்தது, திறந்திருந்தது, முழுசாகத் திறந்திருந்தது, கத்துகிறான், ஒரு சத்தமும் இங்கே கேட்கவில்லை. நாற்பது வருஷத்தில் அந்த வாயை அப்படி அவள் பார்த்ததில்லை, அவன் அம்மா செத்தபோதுகூட இல்லை. ஓடு, ஓடிப்போய்க் கதவைத் திற என்று கால் கிளம்பிவிட்டது, அதற்குள் அவன் தலையைத் தூக்கி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக இந்தக் கடை வாசலைப் பார்த்தான். அவள் வருகிறாளா என்று பார்த்தான். ஹேனி சட்டென்று களிம்பு விளம்பரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள், ஏன் ஒதுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் ஆளில்லை என்று கண்டதும் அவன் மறுபடியும் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான், முதுகு மறுபடியும் ஏறி இறங்க ஆரம்பித்தது.

போன தடவ வாங்கினது பரவாயில்ல, அத விட நல்லதா ஏதாவது வந்திருக்கான்னு பாரு… ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொன்னான், மஞ்சள் முடிந்தபோதும், குளூக்கோசமின் முடிந்தபோதும், முடியாமல் பாதி இருக்கும்போதுகூடச் சொல்வான், அவளும் சந்தோஷமாகக் கிளம்பி வருவாள், ஒவ்வொரு டப்பாவாக எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பாள், அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான், "எம் பொண்டாட்டிய மூட்டு மாத்திர அலமாரி முன்னால விட்டுட்டா, நான் வண்டியில ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுடலாம்." அவளும் சேர்ந்து சிரித்தாள், எத்தனை தடவை சிரித்தாள். வீட்டில் எந்நேரம்தான் ஆளில்லாமல் இருக்கிறது, கூடத்தில் யாராவது மருமகன் படுத்துக் குறட்டை விடுவான், பின்கதவைத் தட்டாமல் பரே உள்ளே வருவாள், எருவா வாசலில் நின்று கோடாலி கேட்பான், ராத்திரி படுத்தால் பக்கத்தில் இவள், ஒரு பெருமூச்சு விட்டால் எழுந்து உட்கார்ந்து என்னய்யா என்று கேட்கிறவள், அந்த மனுஷன் எங்கே போய்க் கத்துவான்? மாத்திரையில் ஒன்றும் இல்லை என்று அவனுக்கு முதல் டப்பாவிலேயே தெரிந்திருக்கும். அவனுக்கு வேண்டியிருந்தது மாத்திரை இல்லை, அவள் இந்த அலமாரி முன்னால் நிற்பது. தெய்வமே, ரெண்டு வருஷம், அவள் உள்ளே நின்று எது கேட்கும் எது கேட்காது என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பெரிம்மா, மருந்தும் வந்துடுச்சு. எல்லாத்தையும் ஒரே பையில போட்டுடவா?" அனஹேரா வெள்ளைப் பையைப் பிரித்துக்கொண்டு நிற்கிறாள், நல்லவேளை அவள் தெருவைப் பார்க்கவில்லை. இந்த மருந்தைக் கொடுத்தால் அவனுக்கு அடங்கும், கொண்டுபோ, நிற்காதே என்கிறது ஒரு மனம், போய்க் கதவைத் திறந்தால் அந்த நிமிஷமே நிமிர்ந்து உட்கார்ந்து, வந்துட்டியா, எந்தக் கம்பெனிக்காரன ஓட்டாண்டியாக்கிட்டு வந்தே என்று சிரிப்பான் என்கிறது இன்னொன்று. நான் பார்த்துட்டேன்யா என்று சொல்லிவிட்டால்? சொன்னால் திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம், நர்ஸுக்கு ஆமாம் என்று சொல்லலாம், ஆனால் கத்துவதற்கு அவனுக்கு இருக்கிற ஒரே இடமும் அதோடு போய்விடும், அதைப் பிடுங்க அவள் யார், பொண்டாட்டி, பொண்டாட்டியாகவே இருந்தாலும் அவள் யார்?

"இரும்மா," என்றாள், "இன்னொரு டப்பா பாக்கணும்."

திரும்பி அலமாரிக்கு வந்து கைக்கு வந்ததை எடுத்தாள், மீன் எண்ணெயோ என்னவோ, மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள், எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் உதடு அசைந்தது. அவனுக்காகத்தான் நிற்கிறாளா, அந்தக் கதவைத் திறக்கப் பயந்துகொண்டு நிற்கிறாளா, அதுவும் தெரியவில்லை… இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் வேண்டியிருக்கும், யாரைப் போய்க் கேட்பது? போன மாதம் மழை வரும்போல இருக்கிறதே என்று ரெண்டே டப்பாவைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வெளியே போனாளே, கதவைத் திறந்ததும் அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது, வேர்வை என்றான், அதற்கு முந்தின தடவை, அதற்கும் முந்தின தடவை, எல்லாத் தடவையும் அவள் சீக்கிரமே போய்விட்டிருக்கிறாளோ.